ஆர்விட் கண்விழித்துப் பார்த்த படம்

இனி எந்தப் படத்திலும் தூங்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் ஆர்விட் ஒருநாள் சபதம் எடுத்தார். எடுத்த இடம் சோபா. படுத்துக்கொண்டேதான் எடுத்தார்.

எங்கள் ஊரில் மார்லிஸ் வாடகைப் படக்கடை வைத்திருக்கிறாள். பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்தால், அந்த அட்டையை அலமாரியில் குத்தி வைப்பாள். அலமாரி முழுக்க ஆர்விட் பெயர்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் எடுப்போம்; பார்ப்பது மட்டும் நான். தொடக்கத்தில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் அவருக்குக் குறட்டை வந்துவிடும். காலையில் காபியோடு, "எல்னா, கடைசியில என்னதான் ஆச்சு?" என்பார். நான் சொல்வேன், அவர் எழுதுவார்.

நான் சொல்வதெல்லாம் என் கவலைகள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கொலைகாரன் சொட்டச் சொட்ட ஈரக் குடையோடு கம்பளத்தில் நடக்கிறான். பிணத்தைப் பார்த்து அலறியவர்கள் கம்பளத்தைப் பார்க்கவே இல்லை. புதுப் படத்தில் ஆறு பேர் விண்வெளிக்குக் கிளம்புகிறார்கள். அடுப்பை அணைத்தோமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊரே அட்டையைப் படித்துச் சிரித்தது. "ஆர்விட்டுக்கு என்ன கண்ணு!" என்றது. பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் நவம்பரில் ஓர் அட்டையில், "பாதியிலேயே என் மனைவி தூங்கிவிட்டாள்" என்று எழுதிவிட்டார்.

"யாரு தூங்கினது?"

"நான் தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டு வசனத்தைக் கேட்டேன்."

"அது ஊமைப் படம்."

அவர் காபியைக் கலக்கினார். ரொம்ப நேரம் கலக்கினார். அதில் சர்க்கரையே இல்லை.

"சரி, பந்தயம். சனிக்கிழமை மத்தியானம் தனியா ஒரு படம் முழுசா பார்த்து எழுதறேன். ஜெயிச்சா, ஏரிப் பனி உடையற வரைக்கும் வெள்ளிக்கிழமை படம் என் இஷ்டம்."

"எல்லாம் சண்டைப் படமா?"

"நீர்மூழ்கிக் கப்பலும் வரும்."

"தோத்தா?"

"உன் இஷ்டம்."

எங்கள் ஏரி குளிரில் கல்லாக உறைந்துவிடும்; அந்தப் பனி உடைய ஏப்ரல் கடைசி ஆகும். ஐந்து மாத நீர்மூழ்கிக் கப்பலை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை காலையிலேயே, அவர் பார்க்கவேண்டிய படத்தின் பெட்டியிலிருந்து டிவிடியை எடுத்து என் பின்னல் பைக்குள் போட்டுக்கொண்டேன். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிவிட்டு மார்லிஸ் வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப் போட்டோம். மார்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி நெளியறே?"

"பெட்டியைத் திறந்திருப்பாரோ?"

"ஆர்விட்டா? ஊறுகாய் பாட்டிலையே உன்னைத்தானே திறக்கச் சொல்றாரு!"

ஐந்து மணிக்குத் திரும்பினேன். சோபா மெத்தையின் தையல் அவர் கன்னத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. அட்டை தயார். "கடல் காட்சிகள் பிரமாதம். கடைசியில் கலங்கிவிட்டேன். ஒரு நொடிகூடக் கண் இமைக்கவில்லை."

"கடல் அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

"அலை என் மேலேயே தெறிச்ச மாதிரி இருந்துச்சு, எல்னா."

பையிலிருந்து டிவிடியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "கடல் அட்டைப்படத்துல மட்டும்தான் இருக்கு. படம் முழுக்க ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல நடக்குது."

அப்போதுதான் முதல்முறையாகப் பெட்டியைத் திறந்தார். காலி. காது சிவந்தது. பெட்டியை மூடிவைத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"சரி... அது கடைசியில எப்படித்தான் முடியுது?"

"ஏரிப் பனி உடையட்டும், சொல்றேன்."