கட்டிங் பாய் எடுத்து வைத்த பக்கம்

கட்டிங் பாய் எங்கள் தோல் கம்பெனியின் இணையதளத்தை வெளிநாட்டுக்காரனுக்கு விற்கிறார் என்று ஆறு மாதம் மனதார நம்பினேன். அதை எவன் வாங்குவான் என்று யோசிக்கும் மூளை அப்போது எனக்கு இல்லை. இப்போதும் சந்தேகம்தான்.

ஆம்பூரில் எதையுமே தொலைக்காத மனிதர் அவர் ஒருவர்தான். தோலின் ஷேடு பார்ப்பது அவர் வேலை. எந்தச் சரக்கு லாட் கிளம்பினாலும் அதில் உள்ளங்கையளவு வெட்டி, பின்னால் நம்பர் எழுதி, அலமாரியில் வைத்துவிடுவார். லாட் கப்பலேறி, ஷூவாகி, தேய்ந்து குப்பைக்கே போயிருக்கும். கட்டிங் மட்டும் இங்கே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். மகள் கல்யாணப் பந்தல் துணியிலும் ஒரு துண்டு வெட்டினார். பந்தல்காரர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

இணையதளம் என் பொறுப்பு. அதில் கை வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னால் போதும், பாய் ஏதோ வெளிநாட்டுத் தளத்தைத் திறந்து எங்கள் தளத்தின் முகவரியை ஒட்டுவார். எட்டிப் பார்த்தால் சிரிப்பார். சந்தேகப்பட இது போதாதா?

ஒருநாள் தளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய தோல் வகைகளின் பக்கத்தை அழித்துவிட்டு, நிம்மதியாக டீ குடித்தேன். மறுவாரம் பெரிய வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல். அந்தப் பக்கத்தின் லிங்க்கைப் போட்டு, 'முன்பு இதில் பார்த்த இரண்டாவது வரிசை, மூன்றாவது பழுப்பு. நாலு மணிக்குள் நம்பர் வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு' என்று எழுதியிருந்தார். எங்களிடம் பதினோரு பழுப்பு. பதினொன்றும் என் கண்ணெதிரே சுற்றின.

பாயிடம் ஓடினேன்.

"பாய், பக்கம் போச்சு. வேலையும் போச்சு. வீட்ல இன்னா சொல்லுவேன்?"

"மொதல்ல உக்காரு. அழிச்சது நீதானே?"

"தெரியாம கை பட்டுடுச்சு பாய்."

"கை பட்டா ஒரு எழுத்து போவும். பக்கமே போவுமாப்பா?"

அதே வெளிநாட்டுத் தளத்தைத் திறந்தார். இணையப் பக்கங்களைத் தேதிவாரியாகப் பிரதி எடுத்து வைக்கும் கிடங்காம் அது. லிங்க்கை ஒட்டியதும் ஒரு காலண்டர் வந்தது. சில தேதிகளில் மட்டும் புள்ளி. நான் மவுஸைப் பிடுங்கிக் கடைசிப் புள்ளியை அமுக்கினேன். 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தது.

"பாத்தியா, உன் சாதனையும் ஸ்டாக்ல இருக்குது."

அதற்கு முந்தைய புள்ளி. எழுத்து வந்தது, படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம்.

"பாய், தோலையே காணோம்!"

"பேஜார் பண்ணாத. எல்லா தபாவும் படம் ஏறாது. இன்னும் பின்னாடி போ."

மூன்றாவது புள்ளியில் பக்கம் முழுசாக இறங்கியது. இரண்டாவது வரிசை, மூன்றாவது பழுப்பு, கீழே நம்பர். பாய் எழுந்து அலமாரியிலிருந்து அதே நம்பர் கட்டிங்கை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தத் தோலுக்கு முத்தமே கொடுத்திருப்பேன். ஃபினிஷிங் ரசாயன வாடை தடுத்துவிட்டது.

"யாரு பாய் இதையெல்லாம் அங்க ஏத்தி வெச்சது?"

"நான்தான். நீ வெப்சைட்ல கை வெக்கிறேன்னாலே எனக்கு பயம். லாட் போறதுக்கு முன்னாடி கட்டிங் எடுக்கறதில்ல? அதே மாதிரிதான்."

மூன்று நாற்பதுக்கு நம்பரை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்து நின்றார்.

"அந்தப் பக்கத்த எடுத்தது யாருய்யா?"

நான் தரையில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்தேன்.

"அதான் கெடச்சிடுச்சே மொதலாளி. வுடுங்க" என்றார் பாய்.

ஆர்டர் எங்களுக்கே வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போகும் வரைக்கும் பாய் முதலாளியிடம் என் பெயரைச் சொல்லவேயில்லை.