சம்பந்தி முதுகில் ஒரு பார்டர்

எங்கள் ஊர்ச் சேலையைக் கட்டுகிற பெண்களில் பாதிப் பேர் பார்டர் அண்ணாச்சியின் குடும்பச் சண்டையைத்தான் இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிகிறார்கள். பாவம், அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற பள்ளிக்கூட டீச்சர் நான். எந்தச் சேலை எந்தச் சண்டையில் பிறந்தது என்று என்னால் கடைக்கு வெளியே நின்றே சொல்லிவிட முடியும்.

அண்ணாச்சிக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார், அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் பார்டர்தான். விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது தொழில். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைவார். மகள் கனி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தறிக்கு அனுப்புவாள். அண்ணாச்சிக்கும் மவுஸுக்கும் ஆகாது. "பென்சில்னா சொன்ன பேச்சு கேக்கும் டீச்சர். அது என்ன, ஓடிக்கிட்டே இருக்கு" என்பார்.

மற்ற டிசைன்காரர்கள் மயில் வைப்பார்கள், அன்னம் வைப்பார்கள், கோபுரம் வைப்பார்கள். ஒருமுறை சேலை முதலாளி ஒருவர் இவரிடமும் மயில் கேட்டார்.

"முதலாளி, மயிலு காட்டுல நின்னு நெலக்கடலையப் பூராம் தோண்டித் திங்குது. வெரட்ட மாட்டாம வெள்ளாம போட்ட சம்சாரி அழுகுறான். அதப் போயி சேலையில வைக்கச் சொல்றீகளே."

"பெறகு என்னத்த வைப்பீக?"

"என் வீட்டுல இருக்கிறத வைப்பேன்."

வீட்டில் இருந்தது அவர் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒருநாள் ரசம் கொதிக்கும்போது மதினி அவரைக் கொத்தமல்லி வாங்க அனுப்பினார். போன மனிதர் வழியில் வெடித்துக் கிடந்த கண்மாயைப் பார்த்து நின்றுவிட்டு, ரசம் ஆறிய பிறகு வெறுங்கையோடு வந்தார். மதினி கரண்டியை எறிந்தார். கரண்டி அவர் மேல் படவில்லை, சுவரில் பட்டது. ரசம் தெறித்துச் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. அண்ணாச்சி அதை அண்ணாந்து பார்த்தார்.

"தொடைச்சிராத. இன்னொரு கரண்டி இருந்தா இந்தப் பக்கமா எறி" என்றார்.

எறும்பு வரும்வரை அந்தச் சுவரைத் துடைக்க விடவில்லை. அந்த டிசைனுக்குக் கடைக்காரர்கள் மழைத்துளி என்று பேர் வைத்தார்கள். மழையே எட்டிப் பார்க்காத சீமையில் அது சக்கைப்போடு போட்டது.

மதினிக்குக் கை சும்மா இருக்காது. பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எல்லா முடிச்சும் அத்துப்படி. பாதி பின்னிய கூடையைக் காணவில்லை என்றால் அண்ணாச்சி தாளுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒருநாள் திருச்சுழி பஸ்ஸில் நானும் மதினியும் போய்க்கொண்டிருந்தோம். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் அங்கேதான். முன்சீட்டுப் பெண்ணின் சேலை ஓரத்தை மதினி தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என் கூடை" என்றார்.

அந்தப் பெண் மடியிலிருந்த காய்கறிக் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்டக்டரைக் கூப்பிட்டாள். இறங்கும்வரை மதினி என்னிடம் புலம்பினார். "வீட்டுச் சங்கதி அம்புட்டையும் மடிச்சு மடிச்சு வித்துருவாரு டீச்சரு. நான் கொட்டாவி விடக்கூடப் பயமா இருக்கு." புலம்பலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது. கேட்டால் அடிக்க வருவார் என்று கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் கனிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நரிக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறவருடைய மகன். திருச்சுழியில் ஒரு கல்யாணத்தில் அவனும் இவளும் ஒருவரை ஒருவர் பார்த்து, போன் நம்பர் வாங்குகிற அளவுக்கு வந்து, பிறகு பெரியவர்கள் காதில் அது பெரியவர்களே கண்டுபிடித்த மாதிரி போடப்பட்டிருந்தது. கனி மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள்.

"எனக்கு அவுகளப் புடிச்சிருக்கு டீச்சர். அன்னைக்கு ஒரு நாளு எங்கப்பா பென்சில எடுக்காம இருந்தாப் போதும்."

மதினியும் அதையேதான் நினைத்திருந்தார். பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பென்சில், ரப்பர், கட்டத்தாள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார். அண்ணாச்சி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வந்தார்கள். பார்த்தார்கள். பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை மழைத்துளிச் சேலையில் வந்திருந்தது மட்டும்தான் அன்றைக்கு முதல் சங்கடம். நானும் மதினியும் சுவரைப் பார்க்காமல் சமாளித்தோம். எமகண்டம் முடிந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சாயிற்று. அதுவரை சாப்பாடு.

சாப்பாடு முடிந்ததும் கரண்டு போனது. மாப்பிள்ளையின் அப்பா, அந்த உரக்கடைக்காரர், ஆள் வாட்டசாட்டம், பேச்சு குறைவு. வேர்வை தாங்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லையில் வேப்பமரத்தடிக் கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்தார். கட்டில் மதினியின் கைவேலை. கூடைக்குப் போக மிஞ்சிய வயரை வைத்துச் சிவன் கண் முடிச்சில் பின்னியிருந்தார். ஒரு தூக்கம் போட்டு எழுந்து அவர் குழாயடியில் முகம் கழுவக் குனிந்தார். அண்ணாச்சி அவருக்குத் துண்டு கொண்டுபோனவர், பாதி வழியில் நின்றுவிட்டார். அகலமான அந்த முதுகு முழுக்க, கழுத்திலிருந்து இடுப்புவரை, வரிவரியாகச் சிவன் கண் பதிந்திருந்தது.

"சம்பந்தி, அசையாதீக" என்றார் அண்ணாச்சி.

நரிக்குடிக்காரருக்கு அந்தக் குரல் ஒன்றைத்தான் சொல்லும். அவர் குனிந்தபடியே உறைந்தார்.

"பூரானா?"

"பேசாதீக. அழிஞ்சு போயிரும்."

"பெருசா?"

"முதுகு பூராம் இருக்கு. கொள்ளை அழகு."

சத்தம் கேட்டு வேன் டிரைவர் கம்போடு வந்தார், அத்தை விளக்குமாற்றோடு வந்தார். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. பென்சில் இல்லாததால் கனியின் கண்மையை எடுத்து வந்திருந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று வரைந்துகொண்டிருந்தார். அத்தை எட்டிப் பார்த்தார். தாளின் முன்பக்கம் மாப்பிள்ளையின் ஜாதகம். அப்பிய மை அந்தப் பக்கமும் ஊறி, கட்டமெல்லாம் கருத்துக் கிடந்தது.

"நல்லது பேச வந்த எடத்துல பயலோட ஜாதகத்துல கரியப் பூசிட்டாரே" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

அதற்குமேல் யாரும் எமகண்டம் முடியக் காத்திருக்கவில்லை. உரக்கடைக்காரர் பித்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு வேனில் ஏறினார். "போயித் தாக்கல் சொல்லி விடுறோம்" என்றார். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் சேதி வராது.

கனி சத்தம்போட்டு அழவில்லை. "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு ஒங்களால சும்மா இருக்க முடியலயாப்பா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணாச்சி கையிலிருந்த மையைத் துடைக்கக்கூடச் செய்யாமல் நின்றார்.

பிறகு அந்த வீடு சண்டையில்லாத வீடாகிவிட்டது. மதினி தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவார், அண்ணாச்சி தின்றுவிட்டுக் கழுவி வைப்பார். கரண்டி பறக்கவில்லை. கூடை பின்னவில்லை. பீரோ பூட்டியே கிடந்தது; அண்ணாச்சி முதலாளி கொடுத்தனுப்பிய தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். முதலாளி போன் மேல் போன் போட்டார். கடைசியில் ஒருநாள் மதினி படபடப்பாக மாடிக்கு ஏறி வந்தார்.

"டீச்சரு, அவுக மயிலு வரைய ஆரம்பிச்சுட்டாக" என்றார்.

போய்ப் பார்த்தேன். மயில் அடைக்குப் படுத்த கோழி மாதிரி இருந்தது.

"எம்புட்டோ சீரழிஞ்சாச்சு. இதையும் கண்ணால பாக்கணுமா? நரிக்குடிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மன்னிப்பக் கேக்க வைங்க. அவுக என்ன சொன்னாலும் சரி" என்றார் மதினி. புருஷனிடம் நேராகச் சொல்லாமல், அவர் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னார்.

பஸ்ஸில் அண்ணாச்சி மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். உரக்கடையில் ஏறியதும் அத்தனையும் மறந்துபோய், "தப்புதான், என் மேலதான் தப்பு. எம்புள்ள ஒண்ணும் பண்ணல" என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டார்.

உரக்கடைக்காரர் பூச்சிமருந்து வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அது கெடக்கட்டும். அன்னைக்கு என் முதுகுல என்னதான் இருந்துச்சு?"

அண்ணாச்சி முழித்தார்.

"வீட்டுல கேட்டா ஒண்ணுமில்லங்கிறா. கண்ணாடியில திரும்பிப் பாத்தா கழுத்துதான் சுளுக்குது. கொள்ளை அழகுன்னு சொன்னீகள்ல?"

"ஆமா, சொன்னேன்."

"இம்புட்டு வயசுக்கு என்னைய ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. அந்தத் தாளப் பாப்போம்னா, எங்கக்கா அடுப்புல போட்டுருச்சு. மறுக்க ஒருதடவ வரைஞ்சு தர முடியுமா?"

"நீங்க மறுக்க அந்தக் கட்டில்ல படுத்தாத்தான் முடியும்" என்றார் அண்ணாச்சி.

உரக்கடைக்காரர் யூரியா மூட்டைகளைப் பார்த்தபடி யோசித்தார். "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார்.

வந்தார். மகன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றான். மதினி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, தூக்கம் சொக்குகிற மாதிரி பரிமாறினார். உரக்கடைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தார். ஒரு கல்யாணமே அந்த மனிதர் தூங்குவதில் இருந்தது. அதனாலேயே அவருக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். சுற்றுச்சுவருக்கு மேல் தெருவே தலை நீட்டியிருந்தது.

"போங்கப்பா, ஆளு தூங்கட்டும்" என்று அண்ணாச்சி விரட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் மரியாதைக்குத் தறியை நிறுத்தினார்.

"தறிய ஓட்டச் சொல்லுங்க. சத்தம் இருந்தாத் தேவலை" என்றார் படுத்திருந்தவர். தறி மறுபடி ஓடியது. அப்படியும் தூக்கம் வரவில்லை. அண்ணாச்சி முகத்தில் வேர்வை கொட்டியது.

அப்போது கனி விசிறியோடு வந்து கட்டில் ஓரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, ஒங்க பக்கம் கண்மாய்க்கு இந்த வருசம் தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள். அவருக்குப் பிடித்த பேச்சு. தண்ணீர் வருகிற வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது, யார் அடைத்தது, சீமைக்கருவேலம் எப்படி முளைத்தது என்று ஆரம்பித்தார். கனி விசிறிக்கொண்டே உம் கொட்டினாள். மடை வரைக்கும் வந்தவர் மடையைத் திறக்காமலே தூங்கிப்போனார். குறட்டை தறிச் சத்தத்தைத் தாண்டியது.

எழுந்து உட்கார்ந்தபோது முதுகு நிறையச் சிவன் கண். அண்ணாச்சி எட்டத்திலேயே நின்றார். கையில் பென்சில் இல்லை, கேட்கவும் இல்லை. மதினி இன்னும் தாலிக்கொடியிலேயே கிடந்த சாவியால் பீரோவைத் திறந்து, அவருடைய பழைய பென்சிலையும் தாளையும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? அழியுறதுக்குள்ள வரைங்க" என்றார். அத்தனை நாளைக்கப்புறம் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

வரைந்து முடித்த தாளை உரக்கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இது நானா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு நரிக்குடிக்குப் போன் போட்டு, வீட்டில் எல்லோரையும் கிளம்பி வரச் சொன்னார். எமகண்டம், ராகுகாலம் எதையும் யாரும் பேசவில்லை, விளக்கு வைப்பதற்குள் தட்டு மாற்றியாயிற்று. கனிக்கு முகூர்த்தச் சேலை அந்த டிசைனில்தான் நெய்தது. மண்டபத்தில் உரக்கடைக்காரர் வருவோர் போவோரை நிறுத்தி, "பாத்தீகளா, பொண்ணு கட்டியிருக்கிறது என் முதுகு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கனி நரிக்குடிக்குப் போன மாதம் அண்ணாச்சி ஒரு டிசைன் கொடுத்தார். பூ இல்லை, புள்ளி இல்லை, உடல் முழுக்க வெறுமை, ஓரத்தில் ஒற்றைக் கோடு. பார்டர் என்று பேர் வாங்கிய மனிதர் பார்டரே வைக்கவில்லை. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, பழக்கத்துக்காகக் கொஞ்சம் மட்டும் நெய்தார். கடையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணுமே வைக்கலையே?" என்று கேட்டேன்.

"வீட்டுல என்ன இருக்கு டீச்சர் வைக்க?" என்றார்.

கடைக்காரர் கழித்துப் போட்ட அந்தச் சேலையில் நான் இரண்டு வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்கு மாற்றி மாற்றி அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.