ஸ்கொட்லாந்துச் சேற்றுக்கு ஒரு நன்றி

சீசா வட்டாரம், பலெர்மோ, இத்தாலி.

என்றும் அன்பு குறையாத தம்பி சுதாகரனுக்கும் தங்கைச்சி விஜிதாவுக்கும்,

அத்தான் சிறீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் சுகத்துக்கு முருகன் துணை. போனில் சொன்னால் உன் அக்கா பரமேஸ்வரி இடையில் பறித்துத் தானே கதைத்து முடித்துவிடுவாள் என்பதால், நன்றியைக் கடிதத்தில் சொல்கிறேன்.

வாயில் நுழையாத பெயருள்ள அந்த மலைக் கிராமத்துக்கு லீவு போட்டு எங்களைக் கூட்டிப்போனாயே, அதை மறக்க மாட்டேன். "அத்தான், அந்தா ஏரி, அதுக்குப் பின்னாலை மலை" என்று கை காட்டினாய். நானும் "ஓம், நல்ல வடிவு" என்றேன். உண்மையில் பனிப்புகாரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் நீங்கள் எழும்ப முதல், ஏரியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டேன். புல் என்று நினைத்துக் கால் வைத்தால் அது சேறு, முழங்கால்வரை இழுத்துவிட்டது, வலது காலை எடுக்க இடது கால் தாழ்கிறது, ஒரு செம்மறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் மேயப் போகிறது, போனில் சிக்னல் இல்லை, சரி, இஞ்சைதான் என்ரை முடிவு என்று அழுகையே வந்துவிட்டது. "ஐயோ" என்று கத்தினேன், செம்மறிகூடத் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் எப்படிக் கத்துவதென்று தெரியாமல், கடைசியில் "அயூத்தோ!" என்று இத்தாலியனில் உதவி கேட்டுக் குழறினேன். புகாருக்குள் இருந்து ஒரு பெண்குரல், அதுவும் இத்தாலியனில்: "எங்கை நிக்கிறாய்? அசையாதை!" செத்துப்போய்ப் பலெர்மோவுக்கே திரும்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர்தான் யூலியானா, அந்த ஊர்த் தேநீர்க்கடைக்காரி. நாயோடு நடக்க வந்தவர், நாயின் கயிற்றைக் கழற்றி என்னிடம் எறிந்து என்னை இழுத்தெடுத்தார். ஒரு சப்பாத்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கடைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, "அப்பா இத்தாலியிலை இருந்து இஞ்சை ஐஸ்கிறீம் விக்க வந்தவர். அவர் செத்தாப் பிறகு இந்தப் பாஷையிலை என்னோடை கதைக்க ஆளில்லை" என்று கண்ணைத் துடைத்தார். தம்பி, இத்தனை வருடமும் நான் இத்தாலியனை, கூட்டித் துடைக்கப் போகும் வீடுகளில் எசமானி அம்மாவுக்கு முன் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். "ஓம் சிஞ்ஞோரா, துடைச்சிட்டன் சிஞ்ஞோரா." அன்றைக்குத்தான் கதிரையில் இருந்து கதைத்தேன். ஒரு சிஞ்ஞோரா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு" என்றார். நேரம் போனது தெரியவில்லை.

அதற்குள் நீ பொலிசுக்கு அறிவித்து, ஊரே என்னைத் தேடி, உன் அக்கா கடை வாசலில் வந்து நின்று, "செத்துப்போனியளெண்டு நான் குழறுறன், நீங்கள் கேக் சாப்பிடுறியளோ?" என்றாள். நீயோ, குந்தியிருந்து உன் காலுறையைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டாய். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் திட்டமாகச் சொல்கிறேன்: இனி அந்தக் குளிருக்குள் என்னைக் கூப்பிட வேண்டாம். பார்த்தது, அதாவது பார்க்காதது, இந்தப் பிறவிக்குக் காணும்.

நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

அன்பு மறவாத அத்தான்,
சிறீஸ்கந்தராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, மார்கழிக் குளிரில் நத்தார்ப் பண்டிகைக்கு யூலியானா வீட்டுக்கு ரிக்கெற் போட்டாயிற்று என்கிறாள் பரமேஸ்வரி. "ஆரைக் கேட்டுப் போட்டனீர்?" என்று சத்தம் போட்டேன். "நேற்று அவவோடை போனிலை 'வாறம், வாறம்' எண்டு துள்ளினது ஆர்?" என்றாள். அதுவும் உண்மைதான். மேலே உள்ளதில் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழித்துவிடு. விமான நிலையத்துக்கு நீ வருவாய்தானே?