சேர்ச் அண்ணையும் என் கலியாணமும்

கலியாண வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையையும் பார்க்காமல் பெண்ணையும் பார்க்காமல், கூரையை மட்டும் பார்த்துவிட்டு வரும் ஒரே தமிழர் ரொறன்ரோவில் எங்கள் சேர்ச் அண்ணைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பார்க்டேல் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். அண்ணை திருநீறு பூசாமல் வெளியே போகமாட்டார்; சேர்ச் என்பது நாங்கள் வைத்த பட்டம். கனடா வருமுன் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் மூன்று வருடம் தங்கி, விக்டோரியா ராணி காலத்துத் தேவாலயம் ஒன்றைப் பழுதுபார்த்த தச்சருக்கு உதவியாக இருந்தவர். சோறு வடிக்கும்போதும் அதன் கதைதான்: கூர்வளைவுச் சன்னல்கள், வெளிச்சுவரைத் தாங்கும் முட்டுச்சுவர்கள், கவிழ்த்த வள்ளம் போன்ற மரக்கூரை.

ஒரு ஞாயிறு, நகரின் மறுகோடியில் ஒரு தேவாலயம் காட்ட என்னைக் கூட்டிப்போனார். வாசலில் சூரியனை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"என்னண்ணை, உள்ளுக்கு வரேல்லையோ?"

"பீடம் வடக்கை பாக்குது. கிழக்குப் பாக்காத கோயிலுக்குள்ளை எனக்கென்ன வேலை?"

என் கலியாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பக்கத்துத் தெருவின் பழைய தேவாலயத்தில் நான் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தைப் பார்க்க அவரும் வந்தார். அந்தக் கிராமத்துக் கூரை அப்படியே இங்கே இருக்கிறது என்று பூரித்தவர், பாதியில் பேச்சை நிறுத்தினார். உத்திரம் சுவரில் அமரும் இடத்தில் ஈரக்கறை. ஏணி தேடிப்பிடித்து ஏறி, சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். உக்கிப்போன மரத்துக்குள் அது பிடிவரை போனது.

"தம்பி, உதுக்குக் கீழை முந்நூறு பேரை இருத்தேலாது."

"கலியாணக் கார்ட் குடுத்து முடிஞ்சுது, அண்ணை."

"உத்திரம் கார்ட் பாத்தோ விழும்?"

நேரே நிர்வாகியிடம் போய்ச் சொன்னார். மறுநாள் வந்த எஞ்சினியர் பத்து நிமிடத்தில் மண்டபத்தைப் பூட்டச் சொன்னார். நான் அண்ணையோடு பேசுவதை விட்டேன். அவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளப் பார்ட்டி அறையில் கலியாணம். பாதிப்பேர் நடைபாதையில் நின்றார்கள். மாப்பிள்ளைத் தோழனாகப் பெண்ணின் சகோதரன் நிற்கவேண்டும். மணப்பெண் வசந்தியின் அண்ணா விசா கிடைக்காமல் கொழும்பில். நான் தனியே மணவறையில் இருந்தேன்.

சேர்ச் அண்ணை வெளியே பனிக்குள் நிற்கிறார் என்று யாரோ வசந்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு அவளே போனாள். அங்கே நடந்த பேச்சைப் பிறகுதான் சொன்னாள்.

"நான் வந்தா அவன் கோவிப்பான், பிள்ளை."

"கோவிக்கட்டும். எனக்கு இஞ்சை ஒரு அண்ணா வேணும். வாங்கோ."

தலைப்பாகை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். அவர் கை விறைத்துப்போயிருந்தது. ஐயர் தாலியை எடுத்துத் தரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.