ஐந்தருவி ரோட்டு சீப் அண்ணாச்சி

குற்றாலத்தில் அருவிக்கு நேரே நின்று தலையைக் கொடுத்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆங்கில மொழிக்கு நேரே நின்று, "வேணும்னா நீ மாறு, நான் மாறுறதா இல்ல" என்று சொன்ன மனிதர், எனக்குத் தெரிந்து எங்கள் சீப் அண்ணாச்சி ஒருவர்தான்.

ஐந்தருவி போகிற ரோட்டில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்தினார். தென்காசிக்கு மாற்றலாகி வந்த நான் அதன் மாடியில் மாத வாடகைக்கு ஓர் அறை பிடித்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பட்டப்பெயருக்குக் காரணம் வாசலில் ஆள் உயரத்துக்கு நின்ற போர்டு. லாட்ஜ் பெயருக்குக் கீழே, அண்ணாச்சி சொல்லச் சொல்ல பெயிண்டர் எழுதிய ஆங்கிலம்: "சீப் ரூம். சீப் ஃபுட். சீப் பீப்பிள்."

வந்த அன்றே அதைப் படித்துவிட்டு, பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் சிரித்துவிட்டேன்.

"என்ன சார் சிரிக்கீய?"

"அந்த மூணாவது வரி..."

"அதுவா? பந்தா கிடையாது, எளிமையாப் பழகுவோம்னு அர்த்தம்."

"அண்ணாச்சி, சாமானைச் சீப்னு சொன்னா விலை கம்மின்னு அர்த்தம். மனுஷனைச் சொன்னா அற்பன்னு அர்த்தம்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். வாதத்துக்குத் தயாராகிவிட்டார் என்பதற்கு அது அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

"மாம்பழம் இனிப்புன்னு சொல்லுதோம். ஒருத்தரு பேச்சும் இனிப்புன்னுதான் சொல்லுதோம். தேங்காய் நல்லதுங்கோம், ஆளும் நல்லவன்ங்கோம். சாமானுக்கு ஒரு வார்த்தை பெருமைன்னா மனுசனுக்கும் அது பெருமைதான சார்? சீப்புக்கு மட்டும் என்ன சீக்கு வந்துச்சு?"

மறுநாள் அலுவலகத்தில் அகராதியைப் புரட்டினேன். அற்பன் என்றுதான் போட்டிருந்தது. ஏன் அற்பன் என்று அதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி அந்த வார்த்தையைத் தாராளமாகப் புழங்கத் தொடங்கினார். அவர் அகராதியில் அதைவிட உயர்ந்த பாராட்டே கிடையாது. தென்காசியில் ஒரு டாக்டர் அவரிடம் ஃபீஸ் வாங்க மறுத்தபோது, கையெடுத்துக் கும்பிட்டு, "டாக்டர், ஒங்கள மாதிரி சீப்பான மனுசன் இந்த ஜில்லாவுலயே இல்ல" என்று தழுதழுத்தார். அடுத்த ஊசியை நர்ஸிடம் விடாமல் டாக்டரே போட்டார். ரொம்ப நாளைக்கு அண்ணாச்சி ஒருக்களித்தே உட்கார்ந்தார்.

சிவகிரியில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். என்னையும் அழைத்துப் போயிருந்தார். வாழ்த்துரை வழங்க அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். வாங்கியவர், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எவ்வளவு பெரிய ஆளுக! ஆனா இம்புட்டு சீப்பா நடந்துக்கிட்டத நான் எங்கனயும் பார்த்ததில்ல!" என்று முழங்கினார். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி மரகதம் மதினி அவர் துண்டின் ஒரு முனையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கி, மண்டபத்தைவிட்டு இழுத்து, அதே வேகத்தில் பஸ்ஸிலும் ஏற்றிவிட்டார். பாயசம் எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை.

"இனியாவது அந்த வார்த்தைய விடுதியளா?" என்றார் மதினி.

"எதுக்கு விடணும்? தப்பு அந்தத் தாய்மாமன் காதுல."

அந்த வருஷம் சீசன் அமோகமாக இருந்தது. சாரல் விடாமல் அடித்தது. எந்த லாட்ஜிலும் இடமில்லை. ஒரு நாள் காலை, கீழே பெரும் சத்தம். இறங்கிப் போனேன்.

வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி அறையில் வைத்தாராம். திரும்பி வந்து பார்த்தால் காணோமாம். அறை பெருக்கப் போன பேச்சிதான் எடுத்திருக்க வேண்டும், அவள் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும் என்று குதித்தார். பேச்சி அந்த லாட்ஜ் திறந்த நாளிலிருந்து வேலை பார்க்கிறவள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"பேச்சி எடுத்திருக்க மாட்டா சார்" என்றார் அண்ணாச்சி.

"நீ என்னய்யா சர்டிஃபிகேட் குடுக்கிறது? அதான் போர்டுலயே போட்டிருக்கியே, சீப் பீப்பிள்னு! எல்லாரும் சீப்தானே?"

அண்ணாச்சி துண்டை உதறவில்லை. வாதாடவில்லை. முதன்முறையாக அந்த வார்த்தை அவருக்கு நேராக வந்து விழுந்திருந்தது. போர்டைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். அப்புறம் போய் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அவ பையத் தொறக்கணும்னா, மொதல்ல என் வீட்டு பீரோவத் தொறங்க. எம் பொஞ்சாதி கழுத்துல கெடக்கதையும் சோதிங்க. அப்புறம் அவகிட்ட வாங்க. அதுக்கு முன்ன ஒரு அடி நகர விடமாட்டேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. டீ வாங்கி வைக்கேன்."

"நெட்ல ரிவ்யூ போட்டு உன் லாட்ஜையே மூட வைப்பேன். ஒரே ஒரு ஸ்டார்தான் போடுவேன்."

"ஒண்ணாவது போடுதியளே, சந்தோசம்."

அந்த நேரத்தில் மாடியிலிருந்து மோதிரக்காரரின் மனைவி இறங்கி வந்தார். கையில் சோப்பு டப்பா. டப்பாவுக்குள், பாதி கரைந்த சோப்பில் புதைந்தபடி மோதிரம். "நீங்கதான் பத்திரமா இருக்கட்டும்னு இதுல வச்சீங்க" என்றார் அந்த அம்மாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

மனிதர் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை உருவி, "சரி சரி, இதை வச்சுக்கோ" என்று பேச்சியிடம் நீட்டினார். பேச்சி கையை நீட்டவில்லை.

அண்ணாச்சியின் முகத்தில், ரொம்ப நாளாக விடை வராத கணக்குக்கு விடை வந்ததுபோல் ஒரு வெளிச்சம்.

"இப்பதான் சார் அர்த்தம் வெளங்குச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு மோதிரக்காரர் பக்கம் திரும்பினார். "சார். யூ ஆர் சீப்."

இலக்கணத்திலும் பிழையில்லை, பொருளிலும் பிழையில்லை. நான் கை தட்டிவிட்டேன். கூடியிருந்தவர்களும் தட்டினார்கள். "ரூமக் காலி பண்ணுங்க" என்று சொல்லி, அவர்கள் பெட்டியை அண்ணாச்சியே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். அந்த ஒற்றை ஸ்டார் மறுநாளே வந்தது.

பெயிண்டரைக் கூட்டிவர குத்துக்கல்வலசைக்கு அவரே சைக்கிள் மிதித்தார். ஒரு வழியாக மூன்றாவது வரி போகிறது என்று மதினி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தேன். "சீப் ரூம். சீப் ஃபுட். காஸ்ட்லி பீப்பிள்."

"அண்ணாச்சி, இதுவும் தப்பு. மனுஷங்களைக் காஸ்ட்லின்னு சொல்லமாட்டாங்க."

"சொல்லாட்டா இனிமே சொல்லிப் பழகட்டும். பேச்சிய நிப்பாட்டி வாசிச்சு அர்த்தஞ் சொன்னேன். அவ சிரிச்சுட்டா. எனக்கு அது போதும்."

அங்கிருந்து மாற்றலாகி வந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் மலையில் மேகம் இறங்கியதுமே அவர் ஃபோன் வந்துவிடும். "சார், தண்ணி நல்லா விழுது. ரூம் ஒண்ணும் இல்ல, எல்லாம் ஃபுல்லு. நீங்க கெளம்பி வாங்க, நம்ம வீட்டுல படுத்துக்கிடலாம்." மேனேஜரிடம் லீவு வாங்கிய பிறகுதான் நான் அண்ணாச்சிக்குப் பதிலே சொல்வேன். மாட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வராது.