சம்பந்திக்கு ஒரு பொன்னாடை

ஒரு தோளைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இராது. எதையாவது எடுத்துப் போர்த்தவேண்டும். புத்தகம் எழுதியவருக்கு, தலைமை தாங்கியவருக்கு, இடையில் மைக்கைத் திருத்திக் கொடுத்தவருக்கு, எல்லோருக்கும் பொன்னாடை. மொன்றியலில் வசன கவிதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இலக்கியம் தந்த ஒரே சொத்தும் அதுதான். அலுமாரியைத் திறந்தால் சரிகைச் சால்வைகள் கூரைப் பனிபோல் மொத்தமாகத் தலையில் விழும். ஆகவே, மகள் யாழினிக்கு மாமனாராக வரப்போகிறவரை முதன்முதல் பார்க்கப் போகிறோம் என்றதும் எனக்கு வேறென்ன தோன்றும்?

மாப்பிள்ளை மார்க்கோ தங்கமான பெடியன். (தோசையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவான். அதை மன்னிக்கலாம்.) அவனுடைய தாய் ரோசாவுக்குச் சம்மதம். சிசிலியிலிருந்து வந்த தகப்பன் சால்வத்தோரேதான் பிடி கொடுக்கவில்லை. "முதலில் குடும்பத்தைப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்" என்றாராம். மார்க்கோவோ தகப்பன் சொல்லைத் தாண்டாதவன். ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் கலியாணம் நடப்பதும் நடவாததும்.

"அப்பா, அந்த மனிசனுக்கு உலகத்திலை ரெண்டு விசயம்தான். சாப்பாடு, மற்றது ஃபுட்போல். நீங்கள் கவிதை ஒண்டும் எடுத்துவிடாமல் சாப்பிட்டிட்டு வந்தாக் காணும்" என்றாள் யாழினி.

கவிதை கூடாது என்றாள். ஃபுட்போல் கூடாது என்று சொல்லவில்லையே!

அடுத்த நாளே நாங்கள் இருக்கும் லாசாலிலிருந்து மெத்ரோ ரயில் பிடித்து இத்தாலியர் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கடையில், "சிசிலி அணியின் சால்வை வேண்டும்" என்றேன்.

"சிசிலியில் ஒரே ஒரு அணிதான் இருக்கிறது" என்றார் வெள்ளை மீசைக் கடைக்காரர், கண் இமைக்காமல்.

"நீங்கள் எந்த ஊர்?"

"பலெர்மோ" என்றவர், சால்வையைச் சுற்றுவதற்கு முன் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். (அப்போதே எனக்கு மூளை வேலை செய்திருக்கவேண்டும்.)

ஆனால் அந்த நிறம்! இளஞ்சிவப்பும் கறுப்பும். பெப்ரவரி விடியலில் ஆற்றின் உறைபனிமேல் ஒளி வந்து நிற்குமே, நிற்பதா போவதா என்று தெரியாமல், அந்த இளஞ்சிவப்பு. இரவு போக மனமில்லாமல் ஓரத்தில் நிற்குமே, அந்தக் கறுப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கிய நேரத்தில் நான் செய்த காரியம் எதுவும் உருப்பட்டதில்லை.

ஞாயிறு வந்தது. மனைவி வதனி தட்டங்களோடு முன்னால் போனாள்: பழம், லட்டு, வெற்றிலை, பட்டுத்துணியால் மூடிய ஒரு தட்டம். சால்வத்தோரே வாசலில் நின்றார். அகலமான மனிதர், போர்த்துவதற்கென்றே செய்த தோள்கள். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. மனப்பாடம் செய்த பிரெஞ்சில், "ஐயா, உங்கள் மண்ணின் விடியலை உங்கள் தோளுக்கே திருப்பித் தருகிறேன்" என்று சொல்லிப் போர்த்திவிட்டுக் கைதட்டினேன்.

நான் மட்டும்தான் தட்டினேன்.

ரோசா சிலுவை போட்டுக்கொண்டாள். மார்க்கோ சுவரைப் பிடித்தான். "அங்கிள், இது பலெர்மோ. நாங்கள் கத்தானியா, அவர்களுடைய பரம எதிரிகள்" என்றான், வைத்தியர் துக்கச் செய்தி சொல்லும் குரலில்.

"ஒரே தீவுதானே?" என்றேன்.

சால்வத்தோரே எரிமலை அடிவாரத்தில் பிறந்தவர் என்பது எனக்கு அந்தக் கணத்தில் யாரும் சொல்லாமலே விளங்கியது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் சால்வையைத் தூக்கி வாசலில் போட்டார்.

"கவலைப்படாதேங்கோ, பில் இருக்கு, மாத்தலாம்!" என்று நான் தமிழில் கத்தி, பிறகு பிரெஞ்சிலும் கத்தினேன். அவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்பா, என்ர கலியாணத்தை ஒரு சால்வையாலை முடிச்சிட்டியள்" என்று யாழினி மாடிப்படியில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

வதனி என் காதருகே வந்தாள். "உங்களை நெல்லியடிக் கவிஞர் எண்டு ஒருத்தர் அறிமுகப்படுத்தினதுக்கு, மேடையிலை ஏறின உடனை 'என்ர ஊர் கரவெட்டி, கரவெட்டி' எண்டு கத்தின ஆள்தானே நீங்கள்? ரெண்டு ஊருக்கும் இடையிலை எவ்வளவு தூரம்?"

"ஒரு ரோட்டு" என்றேன்.

"அவையளுக்கு இடையிலை ஒரு தீவே கிடக்கு. விசரன்!"

சரிதான் என்று தலையை ஆட்டினேன். (அந்த நெல்லியடி விசயத்தில் இன்றுவரை நான் சமாதானமாகவில்லை என்பது வேறு.)

வதனி பட்டுத்துணி மூடிய தட்டத்தை எடுத்தாள். "கொண்டுவந்த தட்டத்தைத் திருப்பி வீட்டை கொண்டுபோகக் கூடாது. குடுத்திட்டு வாறன்" என்று குசினிக் கதவைத் தட்டி உள்ளே போனாள். நாங்கள் கதவில் காதை வைத்தோம். உள்ளே பாஸ்தாத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும். பிறகு ஒரு கர்ச்சனை.

கதவு திறந்தது. சால்வத்தோரேயின் இரண்டு கைகளிலும் எங்கள் பித்தளைப் பிள்ளையார்.

"யானை!" என்றார். கண்ணில் தண்ணீர்.

கத்தானியாவின் நகரச் சதுக்கத்தில் கருங்கல் யானை ஒன்று நிற்கிறதாம். அவர்களுடைய அணியின் சின்னமும் யானையாம். மார்க்கோ எங்களோடு இத்தனை காலம் பழகியும் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சால்வத்தோரே பிள்ளையாரை அணியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முன்னால் வந்து நின்றார்.

"உன் வீட்டில் யானை கடவுளாக இருக்கிறது. நீ எனக்கு அதைக் கொண்டுவந்தாயா?" என்று வாசலில் கிடந்த சால்வையைக் காட்டினார்.

பிறகு யாழினியை எழுப்பிக் கண்ணைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "கலியாணம் நடக்கும். ஆனால் உடுப்பெடுக்க உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது."

அப்படியே நடந்தது. மணவறையில் என் பட்டு வேட்டிக்கு மேல் சம்பந்தி தன் கையால் கத்தானியா அணியின் சிவப்பு-நீலச் சால்வை போர்த்தினார். மண்டபமே கைதட்டியது. என் வாழ்நாளில் கவிதை எழுதாமல் கிடைத்த ஒரே பொன்னாடை அதுதான்.

இளஞ்சிவப்புச் சால்வையை அவர் எறியவில்லை. அதை மடித்துத் தைத்து வாசலில் போட்டிருக்கிறார். பனிக்காலத்தில் நாங்கள் போகும்போதெல்லாம் மார்க்கோவும் யாழினியும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். சால்வத்தோரே கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு, தான் கற்ற தமிழ் முழுவதையும் சொல்வார்:

"வாங்கோ சம்பந்தி. துடையுங்கோ. ரெண்டு காலும்."

ஆற்றின் உறைபனிமேல் வந்து நின்ற அந்த விடியலில் நான் சேற்றுச் சப்பாத்தைத் துடைக்கிறேன். நன்றாகத் துடைக்காவிட்டால் இரண்டாம் முறையும் துடைக்கச் சொல்வார்.