நீர்யானைக் கார்டும் இரண்டணா டிக்கெட்டும்

உலகத்தில் அரிசி விலை தெரிந்த நீர்யானை ஒன்று உண்டென்றால் அது மைசூர் நீர்யானை மட்டும்தான். அதற்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டியவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். பென்ஷன் ஆபீசுக்கும் தபால்காரருக்கும் அது தெரிந்திருக்கலாம். மிருகக்காட்சி சாலையை ஒட்டிய எங்கள் இட்டிகேகூட்டுப் பேட்டையில் மற்ற எல்லாருக்கும் அவர் நீர்யானைக் கார்டு.

கார்டு என்றால் ரயில் கார்டு. நஞ்சன்கூடு பாதையில் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தே சர்வீஸ் முழுவதையும் கழித்தவர். ரிடையர் ஆன பிறகும் கடைசிப் பெட்டி அவரை விடவில்லை. தெருவில் நடக்கும்போது அடிக்கடி நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். நாலு பேரோடு எங்கேயாவது போனால், எல்லாரும் உள்ளே நுழைந்த பின் கதவைச் சாத்திவிட்டுத்தான் நுழைவார். பந்தியிலும் கடைசி இலைதான். ஆள் பிரம்பு மாதிரி ஒல்லி. குரல் மட்டும் கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின் வரை எட்டும். மனைவியை இழந்தவர், தானே சமைத்துக்கொள்வார். அவர் தம் சமையலறையில் உப்பில்லை என்று முனகினால், இரண்டு வீடு தள்ளியிருந்த எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி உப்பு கொடுத்தனுப்புவாள்.

காலையில் காபி ஓட்டலில் முந்தின நாள் பேப்பரை இலவசமாக வாங்கிக்கொண்டு, பழைய காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்புவார். டிக்கெட் அரையணா. புலி, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். நேரே நீர்யானைத் தொட்டிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். தொட்டிக்குள் கறுப்பாக ஏதோ படுத்துக் கிடந்தது. மூக்கும் இரண்டு கண்களும் மட்டும் வெளியே தெரிந்தன.

"குட் மார்னிங் மாஸ்டர்" என்றார் கார்டு.

"யார் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சார். என் சர்வீஸ்ல பார்த்த அத்தனை ஸ்டேஷன் மாஸ்டரும் இப்படித்தான். நாள் பூரா அமுங்கிக் கிடப்பாங்க. வண்டி வந்தா மட்டும் எழுந்து ஒரு சத்தம் போட்டுட்டு மறுபடி உள்ளே போயிடுவாங்க."

"நேத்துப் பேப்பரைப் படிக்கிறீங்களே?"

"மாஸ்டருக்கு என்ன சார் அவசரம்?"

எப்போதும் கடைசிப் பக்கத்தில் விலைவாசியிலிருந்துதான் தொடங்குவார். அரிசி, ராகி, கொள்ளு என்று படித்துக்கொண்டே போவார். கொள்ளு என்ற இடத்தில் மாஸ்டரின் காது ஆடும். முதல் பக்கத்துக்கு வந்து யாராவது ஒரு பெரிய மனிதரின் பிரசங்கத்தைத் தொடங்கினால் மாஸ்டர் முகத்தை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கிக்கொள்வார். "பார்த்தீங்களா, புத்திசாலி" என்பார் கார்டு. சுவரோரம் வேடிக்கை பார்க்கிறவர்கள் நீர்யானையை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். நுழைவுக் கட்டணத்தை அரையணாவிலிருந்து இரண்டணாவாக உயர்த்த உத்தேசம். பொதுஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தை வரும் ஞாயிறு காலை பேண்டு மேடையருகே சூப்பரின்டெண்டிடம் நேரில் தெரிவிக்கலாம்.

அன்று காபி ஓட்டலில் பொதுஜன அபிப்பிராயம் கொதித்தது.

வக்கீல் குமாஸ்தா சொன்னார்: "இரண்டணாவுக்கு நான் மசால்தோசை தின்னு, காபியும் குடிச்சு, வெத்தலையும் போட்டுக்குவேன். புலி எனக்கு என்ன கொடுக்கும்?"

"குரங்கு பார்க்கணும்னா சாமுண்டி மலைப் படியில காசில்லாம பார்க்கலாம்" என்றார் ஓட்டல்காரர். "அதுங்களே கிட்ட வந்து நம்மையும் பார்த்துட்டுப் போகும்."

பால்கார புட்டண்ணாவுக்கு வேறொரு குறை. "நம்ம எருமெயும் அதே கறுப்பு, அதே கனம். பாலும் கொடுக்குது. அதை ஒருத்தரும் காசு கொடுத்துப் பார்க்கலியே சுவாமி."

ரிடையரான ஹெட்மாஸ்டர் ஒருவர் மட்டும், கட்டணத்தை நாலணாவாக்கினால் கூட்டம் குறைந்து மிருகங்கள் நிம்மதியாக இருக்கும் என்றார். அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருந்தார் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

கார்டு மட்டும் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பென்ஷன் அரையணாவுக்கே மூக்குப்பொடியை விட்டுக்கொடுத்திருந்தது. இரண்டணா என்றால் மாஸ்டரை நாலு நாளைக்கு ஒருமுறைதான் பார்க்கலாம். மற்ற நாட்களில் யாரிடம் பேசுவது? மகன் பம்பாயில். வீட்டில் இருந்தது ஒரு கடிகாரம், அதுவும் நின்றுபோனது.

மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அம்மா, தெரு மொத்தமும் ஞாயித்துக்கிழமை அங்க வரணும். வாயால எல்லாரும் வரேன்னு சொல்றாங்க. நம்ப முடியல. என்ன செய்யலாம்?"

என் மனைவி கறிகாய் நறுக்கிக்கொண்டே, "கூப்பிடற முறையில கூப்பிட்டா வராமலா இருப்பாங்க?" என்றாள்.

அவள் சொன்னது சாதாரணப் பேச்சு. அவரோ ரயில்வே ரூல் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மறுநாள் காலை வெள்ளித் தட்டை இரவல் வாங்கி, அதில் மைசூர் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், அட்சதை எல்லாம் வைத்து, வாசல் வாசலாக ஏறினார். தட்டை நீட்டி அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கிழமை காலைல. பேண்டு மேடை. குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் கொடுக்கணும்."

எங்கள் ஊர்ப் பக்கம் தாம்பூலம் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. வாங்கிய பிறகு வராமலிருப்பது முகத்தில் அடிப்பதற்குச் சமம். அட்சதையோடு வாங்கினால் அது எந்த மாதிரி விசேஷம் என்று கேட்க வேண்டியதே இல்லை. சாயங்காலத்துக்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது: கார்டு இந்த வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார்.

"பொண்ணு யாராம்?" என்று வக்கீல் குமாஸ்தா என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒன்றுமில்லை."

"உங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டேங்கறீங்க. தினம் காலைல கோட்டு மாட்டிக்கிட்டுப் போனாரே, அப்பவே நினைச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலை வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பெண்கள் பட்டுப்புடவையில், ஆண்கள் ஜரிகைப் பேட்டா தலைப்பாகையில். ஓட்டல்காரர் ஒரு தட்டு பழத்தோடு வந்திருந்தார். புட்டண்ணா மொய்க்கு ஒரு தேங்காயை மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். டிக்கெட் கொடுப்பவர் அரையணா கேட்டார்.

"கல்யாணத்துக்கு டிக்கெட்டா?" என்றார் வக்கீல் குமாஸ்தா. "மைசூர் சமஸ்தானத்துல எங்கே ஐயா இருக்கு இந்த வழக்கம்?"

"எந்தக் கல்யாணம்?" என்றார் டிக்கெட்காரர்.

"உள்ளே நடக்கிற கல்யாணம்."

டிக்கெட்காரர் உள்ளே திரும்பி மான்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வழக்கம்போல் கார்டு எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாக நுழைந்து வாசல் கதவைச் சாத்தினார். டிக்கெட்காரர் அதைத் திரும்பத் திறந்துகொண்டார்.

கல்யாணமில்லை என்று பேண்டு மேடையருகே கார்டு விளக்கியபோது பெண்கள் பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு கிளம்பியது. ஆனால் பட்டுப்புடவை கட்டியாயிற்று, தாம்பூலமும் வாங்கியாயிற்று. யாரும் திரும்பிப் போகவில்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து தம் பழைய கொடிகளை எடுத்துக் காட்டினார். "சூப்பரின்டெண்டு பேசி முடிச்சதும் நான் சிவப்புக் கொடி காட்டுவேன். எல்லாரும் கை தூக்கி, வேண்டாம்னு சொல்லிடுங்க. வண்டி நின்னுடும்."

சூப்பரின்டெண்டு நல்ல மனிதர். கொஞ்சம் பயந்த சுபாவம். பட்டும் ஜரிகையுமாக இத்தனை பொதுஜனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு கன்னடத்தில் பேசினார். மிருகங்களின் தீனிச் செலவு கூடிவிட்டது என்றார். கூட்டம் அசையவில்லை. கூண்டுகளுக்குக் கம்பி மாற்றவேண்டும் என்றார். "நாங்களா கடிச்சோம்?" என்றது ஒரு குரல். கடைசியாக நீர்யானை விஷயத்துக்கு வந்தார். இப்போதிருக்கும் தொட்டி அது குட்டியாக வந்தபோது கட்டியது. இப்போது படுத்தால்தான் முதுகு நனைகிறது. எழுந்து நின்றால் தண்ணீர் வயிற்றோடு நின்றுவிடுகிறது. வெயில் காலத்தில் தோல் வெடித்துப் புண்ணாகிறது. எண்ணெய் தடவிப் பார்க்கிறோம். ஏரிப் பக்கம் ஆழமான குளம் ஒன்று வெட்டவேண்டும். அதற்குத்தான் இந்தப் பணத்தில் பெரும்பங்கு.

அவர் உட்கார்ந்தார். எல்லாரும் கார்டைப் பார்த்தோம்.

கார்டு எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் நாள் முழுவதும் படுத்தே கிடந்ததற்கு அவர் எத்தனை வேடிக்கைக் காரணம் சொல்லியிருக்கிறார். எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறார். தொட்டியின் ஆழத்தைப் பற்றி அவரும் யோசித்ததில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

பிறகு எழுந்தார். கோட்டுப் பையில் கைவிட்டார். வெளியே வந்தது பச்சைக் கொடி.

"கார்டு சார், அது பச்சை" என்று வக்கீல் குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்.

"தெரியும். கலர் தெரியாமலா சர்வீஸ் பண்ணினேன்?"

"அப்ப நாம யார் பக்கம்?"

"மாஸ்டர் பக்கம்."

கொடியை விரித்து, சரக்கு வண்டியைக் கிளப்புகிற மாதிரி நிதானமாக ஆட்டினார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டணாவை எதிர்க்க வந்தவர்கள் நாங்கள். முதலில் புட்டண்ணாவின் கை எழுந்தது. "எலெ அடிக்கெ வாங்கியாச்சு சுவாமி. இனி பேச்சு ஏது?" என்றார். வெற்றிலை பாக்கு வாங்கிய கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வக்கீல் குமாஸ்தா மசால்தோசையை ஒருமுறை மனதில் நினைத்துக்கொண்டு தாமும் தூக்கினார். ஹெட்மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கினார். நாலணாவுக்கு என்று விளக்கமும் சொன்னார்.

பொதுஜனம் ஒருமனதாகத் தன் செலவைத் தானே ஏற்றிக்கொண்டதை அந்த சூப்பரின்டெண்டு அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். மேடையிலிருந்து இறங்கி வந்து கார்டின் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் வருகிறவர் என்று டிக்கெட்காரர் சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கு மட்டும் இலவச பாஸ் எழுதித் தருகிறேன்" என்றார்.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"டிக்கெட் இல்லாம சரக்கு வண்டியில தொத்திக்கிட்டு வந்தவங்க எத்தனையோ பேரை வழியில இறக்கிவிட்டிருக்கேன். அதுல ஒருத்தன் எதிர்ல வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

வீட்டுக்குத் திரும்பும்போது புட்டண்ணா மொய்த் தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாது என்று கார்டிடமே கொடுத்துவிட்டார்.

குளம் வெட்டினார்கள். அது ஏரிப் பக்கம், மதில் சுவரை ஒட்டினாற்போல் அமைந்தது. திறந்த அன்று கார்டு இரண்டணா கொடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "முழுசா முழுகிட்டார் சார். ரொம்ப நேரம் காணோம். நான் பயந்தே போயிட்டேன்" என்று தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னார். மறுநாள் காலை வழக்கம்போல் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் பக்கம் போகவில்லை. வெளியே சாலையில், மதில் சுவருக்கு முன்னால் நின்று பேப்பரைப் பிரித்தார். எஞ்சின் வரை எட்டின குரலுக்கு ஒரு சுவர் எம்மாத்திரம். அரிசி, ராகி, கொள்ளு. கொள்ளு என்ற இடத்தில் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பெரிய செருமல் கேட்டது.

ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். "யாருக்குப் படிக்கிறீங்க?"

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு."

போலீஸ்காரர் சுவரை அண்ணாந்து பார்த்தார். ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தமக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மழைக்காலத்தில் கார்டு காய்ச்சலில் படுத்தார். டாக்டர் வந்தார், கஷாயம் வந்தது, ஒன்றிலும் அவருக்கு மனமில்லை. "பேப்பர் நின்னு போச்சே" என்பது ஒன்றே கவலை. தாம்பூலம் வாங்கிய தெரு சும்மாயிருக்குமா? முறை போட்டுக்கொண்டோம். வக்கீல் குமாஸ்தா கோர்ட்டுக்குப் போகிற வழியில் குடை பிடித்துக்கொண்டு படித்தார். ஹெட்மாஸ்டர் விலைவாசியை விட்டுவிட்டுத் தலையங்கம் படித்தார். அன்று சுவருக்கு அந்தப்புறம் நிசப்தம். புட்டண்ணாவுக்குப் படிக்கத் தெரியாது. சுவர் முன்னால் நின்று, தம் எருமை அன்று எவ்வளவு கறந்தது, தவிடு விலை எப்படி ஏறிவிட்டது என்று விவரமாகச் சொல்லிவிட்டு வந்தார். மாஸ்டர் பதில் சொன்னாரென்று சத்தியம் செய்தார். எல்லாவற்றையும் கார்டின் படுக்கையருகே வந்து ஒப்பிக்கவேண்டும். "கொள்ளு சொன்னீங்களா?" என்று தவறாமல் கேட்பார்.

காய்ச்சல் விட்டு எழுந்து நடமாடினார். மீண்டும் பல வருஷம் படித்தார். பிறகு ஒருமுறை படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மயானத்துக்குப் போனபோது அவரை முன்னால் விட்டுவிட்டு நாங்கள் பின்னால் நடந்தோம். அவர் யாருக்கும் முன்னால் போய் நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் வேலை பார்க்கும் ஆபீஸ் அரண்மனைப் பக்கம் இருக்கிறது; ஏரிப் பக்கத்து மதில் சுவர் எனக்கு வழியில்லை. இருந்தாலும் காலையில் அந்த வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகிறேன், முந்தின நாள் பேப்பரோடு. எனக்கு அவ்வளவு குரல் கிடையாது. ஆனால் மாஸ்டர் இப்போது சுவரை ஒட்டி வந்து நின்றுகொள்கிறார். அவர் மூச்சு விடுவது நன்றாகவே கேட்கிறது.